இரண்டு அல்லது மூன்று

வேலந்தாவளம் எடைமேடையில்
பதினெட்டு டன்னை எண்பத்தொன்று என்று எழுதினான்
என் புருஷன் கிட்டுச்சாமி.
முதலாளி மேற்கொண்டு கேட்கவில்லை.
கொழிஞ்சாம்பாறைக் கள்ளு பேசுது என்று
சாவியை வாங்கிக்கொண்டார்.

கள் வாடையே ஆகாதவன்.
பதநீரில்கூட எறும்பைச் சாக்குச் சொல்லித் தள்ளிவைப்பவன்.
எப்போதோ ஒட்டிய காமாலைக் கிருமி
இருபது வருஷம் சத்தம் காட்டாமல்
ஈரலைக் கொட்டாங்கச்சி ஆக்கியிருந்தது
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை.
அதைப் போய் யார் வியாதி என்பார்கள்?
கொய்யாப்பழம், சுடுதண்ணீர்.
நாலாம் நாள் பகலெல்லாம் தூக்கம்.
ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டை மாட்டி
"வண்டி நிக்குது" என்று
பீரோவுக்குள் வாசலைத் தேடினான்.
பாதி தமிழ் பாதி மலையாளம், அது எங்கள் பக்கத்துப் பேச்சு.
இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றை
அன்றைக்குத்தான் கேட்டேன்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஹ்னா
"கையை நீட்டி மணிக்கட்டைத் தூக்குங்க,
லாரியை நிறுத்துற மாதிரி" என்றார்.
இருபத்திரண்டு வருஷம் லாரி நிறுத்திய கை.
மடிந்து விழுந்தது, எழுந்தது, விழுந்தது,
போ, போ என்பதுபோல.

தலையில் அடைப்பு எதுவும் இல்லையாம்.
அடைப்பு கீழே.
குடலில் தேங்கியதிலிருந்து அம்மோனியா கிளம்பும்;
நல்ல ஈரல் அதை மடக்கி மூத்திரத்தில் விட்டுவிடும்.
இவன் ஈரலில் செக்போஸ்ட்டும் இல்லை, ஆளும் இல்லை.
ரசீது இல்லாத லோடு
நேரே மூளைக்கு ஏறிவிட்டது.

பிறகு அந்த பாட்டில்.
தேனைவிடப் பிசுபிசுப்பு, நாக்கு கூசும் தித்திப்பு.
"இவருக்குச் சுகர் இருக்கே?"
"பால் சர்க்கரையை மாத்திச் செஞ்ச சர்க்கரைம்மா,
உடம்புக்கு இதைச் செரிக்கத் தெரியாது.
சுகரைப் பார்த்துக்குவோம், குடிக்கட்டும்."
செரிக்காமலே பெருங்குடல் வரை போகுமாம்.
அங்கே கிருமிகள் தின்று புளிக்க வைக்குமாம்.
புளிப்பில் அம்மோனியாவுக்கு உருவம் மாறி
ரத்தத்துக்குத் திரும்பும் வழி அடைபடுமாம்.
சர்க்கரை தண்ணீரை இழுக்கும்,
தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே இழுக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த இடத்தில் வரக்கூடாது.
காலைப் பதநீர் மத்தியானம் என்னவாகிறதோ
அதுதான் இனி இவன் வயிற்றில்,
தொடாதவன் வயிற்றில்.

மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றவள்
ஏழு மாசக்காரி. அதே பாட்டில்.
அவளுக்கு ராத்திரி ஒரு மூடி,
முக்காமல் போனால் போதும்.
எங்களுக்கு நாளைக்கு மூன்று வேளை,
போகணும், மறுபடியும் போகணும்.
இரண்டு அல்லது மூன்று, அதுதான் கணக்கு.
குறைந்தால் புத்தி நழுவும்.
ஐந்து ஆறு என்றால் உடம்பு வற்றி
அப்போதும் நழுவும்.

நான் தேங்காய் எண்ணுகிறவள்.
நூறுக்கு ஒரு காய் தனியே உருட்டி வைத்து
லோடுக்கு எட்டாயிரம் எண்ணினாலும் தப்பியதில்லை.
இப்போது லோடு சீட்டின் முதுகில்
கக்கூஸ் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கோடு.
முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
ஐம்பத்து நாலு வயசு ஆண்பிள்ளையின் பீயைப்
பெண்டாட்டி கணக்கெழுதுகிறாள்,
திருப்பத்தானே செய்வான்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம்
ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான்,
சீட்டை எட்டிப் பார்த்தான்.
"ரெண்டா போட்டிருக்க?
நீ குளிக்கப் போனப்ப ஒண்ணு. மூணு.
எழுது."

எடைமேடைக் குரல்.
பென்சிலைத் தேடுவதுபோல
கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

முதலாளி இன்னும் சாவி தரவில்லை.
பாட்டில் மூடியைச் சுற்றி எறும்பு.
நாளைக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம்,
ஒன்றரை மணி நேர பஸ்,
காலை மருந்து வேண்டாம் என்கிறான்.
வேண்டாமா.
கல்யாணம்தான் வேண்டாம்.