பதினான்காம் கேள்வி

மீள்காப்புறுதிப் படிவம்
வருடத்துக்கொரு முறை கடல் கடந்து வரும்.
வெள்ளம், புயல், ஆழிப்பேரலை
எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுக்கொண்டு வருகிற பேனா
பதினான்கில், எரிமலையில்,
தானாகவே 'இல்லை' எழுதும்.
பதினொரு வருடப் பழக்கம்.

இந்த முறை நின்றது.
நேற்றிரவு தெஹிவளை ரயிலில்
ஃபோனில் ஒரு வரைபடத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.
சுமாத்திராவில் தோபா.
எங்கள் கந்தோரிலிருந்து
இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

மலை என்று ஒன்றும் இல்லை அங்கே.
சாதாரண எரிமலை கூம்பாய் நின்று புகைத்து
நான் இருக்கிறேன் என்று சொல்லும்.
இதுவோ தன் கூரையைத் தன் வயிற்றுக்குள்ளேயே விழுத்தி
மேலே ஓர் ஏரியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.
படகு விட்டு மீன் பிடிக்கிறார்கள்.

ஆயிரம் கன கிலோமீட்டர்.
ஒரே வெடிப்பில் அவ்வளவு கக்கியிருந்தால்தான்
அந்தப் பட்டம்.
கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்:
மட்டக்குளி முதல் வெள்ளவத்தை வரை
மாநகரசபை எல்லைக்குள் அடுக்கினால்
இருபத்தேழு கிலோமீட்டர் உயரம்.
கட்டுநாயக்காவில் ஏறும் விமானம்
அதன் இடுப்புக்கும் வராது.
தோபா கக்கியது இதைப்போல் இரு மடங்குக்கும் மேலாம்.

"எப்ப?" என்றாள் ஃபஸ்மினா, தேத்தண்ணிக் கோப்பையோடு.
எழுபத்து நாலாயிரம் வருடத்துக்கு முன்.
"அப்ப க்ளெயிம் காலாவதியாகிட்டு."

சிரித்தேன்.
ஆனால் அது அடுப்புச் சாம்பல் இல்லை, ஃபஸ்மினா,
அரைத்த கண்ணாடி.
மழை பட்டால் பாரமாகி இறுகும்,
வத்தளைத் தகரக் கூரைகள் தாங்கா.
பாரந்தூக்கிகள் நிற்கும். களனி குழம்பாகும்.
குழாயில் என்ன வரும் என்று
நினைக்காமல் விடுகிறேன்.

அதுகூட முதல் மாதக் கணக்குத்தான்.
கந்தகம் மேலேறி வெயிலை மறித்தால்
தென்மேற்குப் பருவம் வழி தவறும்,
ஒரு போகம் பொய்க்கும், அடுத்ததும்.
அரிசி விற்க
எந்த நாட்டிடமும் மிச்சம் இருக்காது.

காப்புறுதி என்பது
நனையாதவன் நனைந்தவனுக்குப் பிடிக்கும் குடை.
எல்லோரும் நனைந்தால்?

நாளைக்கே என்று எவரும் சொல்லவில்லை.
நம் காலத்தில் அநேகமாய் இராது என்கிறார்கள்.
அதை நம்பித்தான் நானும்
ஃப்ளாட்டுக்குத் தவணை கட்டுகிறேன்,
இன்னும் பதினேழு வருடம்.

ஜன்னலுக்கு வெளியே பேரை வாவி
பச்சையாய், அசையாமல்.
கொஞ்ச நேரம் அதைச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

பதினான்கை வெறுமையாய் விட்டு
அடுத்த கோப்பை எடுத்தேன்.
வாவிக்கரை மரத்தடியில் நிறுத்திய கார்,
பொனெற் முழுக்கக் கூழைக்கடா எச்சம்,
வெள்ளையாய், பெயின்ற்றை அரித்திருக்கிறது.
மேலிருந்து விழுந்த சேதம்.
அனுமதித்தேன்.