போறணைக் கதவு

கடற்படைத் தளத்து ஏலத்தில் வந்த கதவு.
வார்ப்பிரும்பு. நடுவில் புடைத்த இங்கிலீசு எழுத்தில்
பக்ஸ்டர்.
ஆரோ வெள்ளைக்காரன், வார்த்தவனோ விற்றவனோ
என்று ஏழு வருடம் நினைத்திருந்தேன்.

நேற்றிரவு, மா எழும்பும் வரை
கை சும்மா கிடந்த நேரத்தில்
போனில் தட்டிப் பார்த்தேன்.

அவன் இல்லை, அவள்.
பழைய இங்கிலீசில் பாண் சுடுகிறவள்
பக்ஸ்டர்.
கடைசியில் நிற்கிற 'ஸ்டர்'
எங்கள் 'காரி' போல ஒரு வால்.
பிறகு ஆண்களும் அந்த வாலைப் பிடித்தார்கள்.
பிறகு அது குடும்பப் பெயராகி
அடுப்பே பார்க்காத பேரன்மாருக்குப் போனது.
தைக்கிறவளின் சொல்லுக்கு மட்டும்
தேய்ந்த வாலில் இன்னொரு வால் வைத்து
ஒட்டுப் போட்டார்களாம்.

மாவுக் கையால் போனைத் துடைத்தேன்.
இன்னும் மாவானது.

எங்களிடம் 'பாஸ்' உண்டு.
மேசன் பாஸ், தச்சுப் பாஸ், பேக்கரி பாஸ்.
ஒல்லாந்தன் விட்டுப் போன சொல்.
பாண் போர்த்துக்கேயனுடையது, போறணையும் அவனதுதான்.
இத்தனை கப்பல் வந்த துறைமுகத்தில்
ஒருவனும் எனக்கொரு சொல் இறக்கவில்லை.

செவரின் பாஸ் கட்டாருக்குப் போன நாளிலிருந்து
இருநூறு றாத்தல் பாணும்
விறகும் நெருப்பும் என் பாடு.
சேமலாப நிதிப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில்
முதலாளி 'உதவியாளர்' என்று எழுதினார்.
ஆருக்கு உதவி, என்று கேட்டேன்.
சிரித்தார். கெட்டவர் இல்லை.
"பொம்பிளைக்கு என்ன எழுதுறது, நீயே சொல்லன்."

மூன்றரைக்கு ஏகாம்பரம் வீதியில்
மான்கள் வந்து நிற்கும்,
கருகின விளிம்புகளுக்கு.
கொம்புள்ளது கலை, இல்லாதது பிணை.
மானுக்கு இவ்வளவு பார்த்துப் பெயர் வைத்த தமிழ்
போறணைப் பக்கம் வரவில்லை.
வெக்கையாக்கும்.

என் முழங்கைக்குக் கீழே ஒரு சூடு.
போன மாசி மாதம் கதவு பட்டது.
அந்தப் பெயரின் நடு எழுத்து,
இரண்டு கோடு குறுக்கே,
கணக்கு வாத்தியார் பிழை போட்டதுபோல.
இன்றைக்கு மா படிந்து
சரியாகத் தெரியவில்லை.

"பாஸ் அக்கா," என்கிறான் நிதுர்சன்,
தட்டோடு நின்றபடி.
அவனுக்குப் பதினெட்டு.
ஒட்டுப் போடுகிறோம் என்று தெரியாமலே
போடுகிறான்.
"பாஸ் அக்கா, கருகுது."

கதவைத் திறக்கிறேன்.