போலிருக்கு

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் கணக்கராயிருந்த
கோதண்டபாணியிடம் வண்டி வாங்கிய அன்று
டயர், பேட்டரி, ஏசி எல்லாம் கேட்டேன்.
எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தார்
மஞ்சள் பையில், தேதி வாரியாக.
கடைசியாகக் கேட்டேன்:
டைமிங் பெல்ட் மாத்தியாச்சுங்களா?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:
மாத்தியாச்சு போலிருக்கு.

அந்தப் ‘போலிருக்கு’வை ஏற்றிக்கொண்டுதான்
மூன்று வருஷமாகக்
காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்குப்
பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.

வண்டியோடு வந்த புத்தகம் சொல்கிறது:
லட்சம் கிலோமீட்டர் அல்லது எட்டு வருஷம்,
எது முந்துகிறதோ அது.
மீட்டரில் எண்பத்தேழாயிரத்துச் சொச்சம்.
வண்டிக்கு வயது பதினொன்று.
நான் கணக்கு டீச்சர்.
தெரியாததை எக்ஸ் என்று வைத்துக்கொண்டு
மேலே போகச் சொல்லித் தருகிறவள்.
இந்த எக்ஸை வைத்துக்கொண்டு
ரயில்வே மேம்பாலத்தில் இரண்டாம் கியரில்
முன்னால் ஒரு கரும்பு லாரி ஊர்ந்துகொண்டிருக்க
மேலே போவது அத்தனை சுலபமாயில்லை.

செயின் தளர்ந்தால் கரகரக்குமாம்.
பிரேக் தேய்ந்தால் கீச்சிடும்.
பெல்ட் மட்டும்
கடைசி நாள் வரை வாய் திறக்காது.
அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும்,
வால்வு வளையும், ஹெட்டைக் கழற்றணும்.
அறுபதாயிரம் என்றார் ஒருவர்,
எண்பது என்றார் இன்னொருவர்.
ரேடியோவை அணைத்துவிட்டு
வராத சத்தத்தைக் கேட்டபடியே ஓட்டினேன்
அரைப் பரீட்சை வரைக்கும், அதற்குப் பிறகும்.

“ஓடுதில்ல? அப்புறம் என்ன?”
என்றார் ஜெயசீலன்.
பல்லையும் வலித்த பிறகுதான் காட்டுவார் அவர்.

பங்குனி வெயிலில்
கே.வி.குப்பம் தாண்டி ஒரு வெள்ளைக் கார்
வேலூரைப் பார்த்தபடி நின்றிருந்தது.
டிரைவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.
பக்கத்தில் ஒரு அம்மாள்
ஸ்கேன் படக் கவரைக்
குடையாகத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.
நிறுத்திக் கேட்டிருக்கலாம், என்னாச்சு என்று.
முதல் பீரியட் எனக்கு.
போய்விட்டேன்.

சாயந்திரம் கோதண்டபாணிக்குப் போன் போட்டேன்.
மகள்தான் எடுத்தாள்.
“அப்பாவுக்கு இப்ப ஆளே பிடிபடறதில்லீங்க,
கார் வித்ததே ஞாபகமில்ல.”
பின்னால் அவர் குரல் கேட்டது: யாரும்மா?
கார் வாங்கினவங்கப்பா.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு:
“ஓடுதாமா?”
ஓடுதுங்க, என்றேன்.

சத்துவாச்சாரி ஷெட்டில் முனீர் பாஷா
நாலு போல்ட் கழற்றி
மேல் மூடியை எடுத்து டார்ச் அடித்தார்.
கறுப்பாக, முழுசாக இருந்தது.
ஒரு பல்லும் போகவில்லை,
கம்பெனிப் பேர் மட்டும் அழிந்திருந்தது.
கட்டைவிரலால் திருகிப் பார்த்தார்.
“வெடிப்பு ஒண்ணும் இல்ல டீச்சர்.
இன்னும் இருபதாயிரம் ஓடும் போல கீது.”

போல.

மாத்திடுங்க, என்றேன்.

டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்துப்
பதினோராயிரத்து நானூறு.
சீட்டைத் தள்ளி எடுத்த பணம்.

பழையதைத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார்.
சமையலறை பல்பின் கீழ்
பின்பக்கமாய் மடித்து மடித்துப் பார்த்தேன்.
என்றைக்கு அறுந்திருக்கும்?
நாளைக்கா,
லட்சத்துப் பத்தாயிரத்திலா,
என்னை விட்டு இன்னொருத்தர் கைக்குப் போன பிறகா?
இனிமேல் இதற்கு விடைத்தாள் கிடையாது.
“நல்லாத்தானே இருக்கு” என்றார் ஜெயசீலன்.
ஆமாம், என்றேன்.
அதுவும் நிஜம்தானே.

காலையில் பானெட்டின் உள்பக்கம்
வெள்ளைப் பெயிண்டில் எழுதினேன்:
87,640. பங்குனி 22. மாற்றியாச்சு.
முற்றுப்புள்ளியை மட்டும்
இரண்டாம் தடவை அழுத்தி வைத்தேன்.

மேம்பாலத்தில் அதே லாரி மாதிரி ஒரு லாரி.
அதே இரண்டாம் கியர், அதே உறுமல்.
பதினோராயிரத்து நானூறு ரூபாய்க்குத்
துளி வித்தியாசம் கிடையாது.
ரேடியோவைப் போட்டேன்.
வேலூரில் இன்று நாற்பத்தொரு டிகிரி என்றது.