ரப்பர் பூ

"கொழும்பை முந்த வேணும்" என்றார் முபீன் நானா.
வேறொன்றும் சொல்லவில்லை.
உட்துறைமுக வீதியில் படகு இஞ்சின் உதிரிப்பாகக் கடை.
கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கொரு பிளாஸ்டிக் கதிரை,
மடியில் கணினி, காலடியில் கிரீஸ் வாளி.

முதலில் ஊரின் பெயர்களை எழுதினேன்.
திருகோணமலை, திருக்கோணமலை,
அவசரக்காரருக்குத் திருமலை, பஸ் நடத்துனருக்கு ட்ரிங்கோ,
சிங்களத்தில் தேடுவோருக்குத் திரிகுணாமலய.
ஆங்கில எழுத்தில் தட்டியவர்கள்
கடைசியில் எத்தனை 'ஈ' என்று தெரியாமல்
ஆளுக்கொரு துறைமுகம் கட்டியிருந்தார்கள்.
பிழைகள் உட்பட எல்லாம் அட்டவணையில் ஏறின.

அடுத்தது பொருள்.
"இம்பெல்லர்" என்று நான் தட்ட,
பட்டறையிலிருந்து யூட் கத்தினார்:
"ஆர் அப்பிடிக் கேக்கினம்? ரப்பர் பூ எண்டு போடுங்கோ."
தேடிப் பார்த்தேன். இம்பெல்லருக்கு மாதம் நூற்றுப்பத்துப் பேர்.
ரப்பர் பூவுக்குப் பூச்சியம்.
யாரும் தேடவில்லை என்பது அதற்கு ஒரு பொருள்.
கணக்கெடுத்தவன் திருக்கடலூர்ப் பக்கம்
வரவில்லை என்பது இன்னொன்று.

இலக்குச் சொற்கள் நாற்பது, போட்டியாளர் பன்னிரண்டு,
ஆறு மாதத் திட்டம், ஒன்பது தாளில் அச்சிட்டேன்.
வாசலுக்கு வந்த மான் ஏழாம் தாளை மென்றது.

அதைத் திரும்ப அச்சிடும் இடைவெளியில்தான்
பழைய தளத்தின் தேடற்பெட்டியில்
என்னென்ன விழுந்ததென்று பார்த்தேன்.
பிளக் விலை.
நாற்பது குதிரை இரண்டாங்கை.
பிறகு, ஆனி பதினோராம் திகதி, விடிய இரண்டு நாற்பது:
இஞ்சின் நிண்டுட்டு தண்ணி பூந்துட்டு என்ன செய்ற
இரண்டு நாற்பத்தாறு:
இஞ்சின் நிண்டுட்டு
இரண்டு ஐம்பத்தொன்று:
கடை நம்பர்

மூன்றுக்கும் தளம் ஒரே விடை சொல்லியிருந்தது:
முடிவுகள் இல்லை.
எங்கள் நோன்புப் பெருநாள் சலுகையைப் பாருங்கள்.

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டு வாசித்தார்.
ஆனியில் கச்சான். கரையிலிருந்து கடலுக்கு.
நின்ற படகு தானாகத் திரும்பி வராது.
"அண்டைக்குப் போன் சத்தமில்லாமக் கெடந்திருக்கும்" என்றார்.
யூட் நாலு இடம் விசாரித்தார்.
கொட்பே பக்கம் ஒரு படகை இழுத்து வந்ததாகக் கேள்வி,
அது வேறு கிழமையாயிருக்கலாம்.

ஒன்பது தாளையும் மானுக்கு விட்டோம்.

முதல் பக்கத்திலிருந்த ஆறு எம்பி படத்தை எடுத்தேன்:
திறப்பு விழாவில் மாலையோடு நானா.
அவர் மறுக்கவில்லை.
அந்த இடத்தில் தொலைபேசி எண், கட்டைவிரல் அளவில்.
ஒற்றைக் கோட்டுச் சிக்னலிலும் திறக்கும்படி
வெறும் எழுத்து. யூட் சொல்லச் சொல்ல:
முதலில் நங்கூரத்தைப் போடு.
பிளக்கைக் கழற்று.
கயிற்றை இழு. உள்ளே போன கடலை
இஞ்சின் துப்பி முடிக்கும்வரை இழு.
தலைப்பு மட்டும் என்னுடையது,
இல்லை, அவருடையது: இஞ்சின் நிண்டுட்டு.

மூன்று மாதமாகிறது.
உதிரிப்பாகம் என்று தேடினால் கொழும்புதான் முதல்,
நாங்கள் நாலாவது. நானா கேட்பதை நிறுத்திவிட்டார்.
போனைத் தலைமாட்டில் சத்தத்தோடு வைக்கிறாராம்,
வீட்டில் அதற்குத் தினமும் சண்டை.

நேற்று விடிய மூன்று பத்துக்கு
ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தார்.
நான்கு நிமிடம் நின்றார்.
வேறெதையும் தொடவில்லை, எண்ணையும்கூட. போய்விட்டார்.
மாத அறிக்கையில் இது வெளியேற்ற விகிதம்,
சிவப்பில் வரும், குறைக்க வேண்டியது.

குறைப்பதற்கு ஒன்றும் செய்யவில்லை நான்.
காலையில் யூட்டிடம் கேட்டேன்,
பிளக் கழற்றித் தண்ணி வடிக்க எவ்வளவு நேரம் எடுக்குமென்று.
கை பழகியிருந்தால் நான்கு, என்றார்.
இருட்டில்? என்றேன்.
யோசித்துக்கொண்டே உள்ளே போனார்.