இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடம்

"படுத்துக்கொண்டு போக எவ்வளவு, தம்பி?"
வெள்ளவத்தையில், நகைக்கடைக்கு மேல்மாடியில்,
ஏசி சொட்டும் வாளியை விலத்தி வந்து
இராசமலர் அக்கா கேட்ட முதற் கேள்வி.

முதுகில் இரண்டு தகடு, ஆறு திருகாணி.
துறைமுகக் கணக்குப் பகுதியில் முப்பத்தொரு வருடம்
இருந்து இருந்தே தேய்ந்த எலும்பு.
சேமலாப நிதி வங்கியில்தான் கிடந்தது,
கைப்பையை அவர் அணைத்திருந்த விதத்தில்
அங்கேயும் கொஞ்சம் இருந்தது.

ஒஸ்லோவில் மகள். டொரொண்டோவில் மகன்.
பிறகு திரும்பக் கொழும்பு.
தனித்தனிச் சீட்டாய்ப் போட்டுப் பார்த்தேன்.
இருபத்திரண்டு இலட்சம்.
"நான் பிளேனை விலைக்குக் கேட்கேல்லை" என்றார்.

அதற்குப் பிறகுதான் என் வேலை.
தூரத்துக்கும் விலைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
விரிந்து கட்டிலாகும் ஒரே கதிரைக்குப் பல எழுத்துகள்:
ஜே என்றால் முதலாளி,
சீ என்றால் முதலாளியின் மச்சான்,
ஸெட், ஐ என்று கீழே இறங்கினால்
நம்மவர்கள் நுழையும் பின்கதவு.
செவ்வாய் பின்னேரம் இரண்டு இடம் திறக்கும்.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் மூடியிருக்கும்.

இலண்டன்காரர் கூட மலிவுச் சீட்டில் முழங்கால் மடக்கி வந்து
கட்டுநாயக்காவில் முகம் கழுவி
இங்கிருந்து பயணத்தைத் தொடங்குகிறார்கள்,
இலண்டன் வழியாகவே நியூயோர்க்குக்கு.
அவ்வளவு இலாபம்.
இந்த ஊரை விட்டுப் போவது மலிவு
என்கிறது கணினி.
அதற்கு வயது காணாது.

ஏழு நாள், மூன்று கூட்டணி, பதினான்கு வழி.
ஒரே சீட்டாய்க் கோத்து,
தோஹாவில் ஏற்றி, பிராங்க்பேட்டில் மாற்றி,
பத்து இலட்சத்து நாற்பதாயிரத்தில் நிறுத்தினேன்.
சட்டம் ஒன்றுதான்:
இருபத்துநாலு மணித்தியாலம் தாண்டினால் அது தங்கல், காசு.
ஒரு நிமிடம் குறைந்தால் வெறும் மாறல், சும்மா.

பேனையை மூடி வைத்தார்.
"என்ர தம்பியும் படுத்துக்கொண்டுதான் போனவன்.
தொண்ணூற்றாறிலை. தக்காளிப் பெட்டியளுக்குக் கீழை."
கீழே கடற்கரை ரயில் போனது. யன்னல் நடுங்கியது.
"மொஸ்கோவிலை ஏழு மாதம் நிண்டவன்.
அது உங்கட கணக்கிலை தங்கலோ, மாறலோ?"

நான் திரையைப் பார்த்தேன்.

"ஏஜென்சிக்கு முதற்பாதி கட்டினது நான்.
மற்றப்பாதி அனுப்பப் பிந்திப் போச்சு.
கணக்குப் பகுதியிலை இருந்த ஆள் நான்.
பிராங்க்பேட்டிலைதான் இருக்கிறான். கதைக்கமாட்டான்."

நேரங்களைத் திரும்ப உருட்டினேன்.
காலை ஆறு பதினைந்துக்கு இறங்கும் ஒன்று,
மறுநாள் ஆறு ஐந்துக்கு ஏறும் ஒன்று.
இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடம்.
ஒரு சதமும் கூடாது, அக்கா.

இரவு பதினொன்று நாற்பதுக்குச் சீட்டு அடித்தேன்,
நள்ளிரவில் அந்த விலை காலாவதி.
அவர் வீட்டுக்குப் போகாமல்
வாளிக்குப் பக்கத்தில், வளையாத முதுகோடு இருந்தார்.
எழுத்துகளை ஒவ்வொன்றாய்த் தடவிச் சரிபார்த்தார்,
பற்றுச்சீட்டுச் சரிபார்க்கும் விரலால்.

"கதவைத் திறக்காட்டில்,
முந்தின பிளேன் ஏதும் இருக்குமோ?"

இருக்கிறது.
அந்த எழுத்தில் இடமில்லை.

"அப்ப," என்று கைப்பையைப் பூட்டினார்,
"நிக்கத்தான் வேணும்."