சிவப்புக் கட்டம்

கோணம் தொழிற்பேட்டை, மூன்றாம் தெரு.
கொள்முதல் பிரிவு என்று கதவில் பலகை.
பிரிவு என்பது நான் ஒருத்திதான்,
ஒரு மேசை, ஒரு கணினி,
இடப்பக்கம் மட்டும் காற்று வரும் மின்விசிறி.

ஜெர்மன் கம்பெனி படிவம் அனுப்பியிருக்கிறது.
உங்கள் சால்டர் கம்பியின் வெள்ளீயம்
எந்த உலையில் உருகியது?
எந்தக் குழியில் கிடந்தது?
குழியின் வாயில்
துப்பாக்கியோடு யாராவது நின்றார்களா?

சரியாகச் சொன்னால் இப்படிக் கேட்கவில்லை.
ஆம், இல்லை, தெரியாது.
அழுத்தினால் திறக்கும் சின்ன சன்னலில்
மூன்று சொற்கள், அவ்வளவுதான்.
குழியை எட்டிப் பார்த்தது நான்.

மதுரை டீலருக்குப் போன் போட்டேன்.
"எல்லாரும் இல்லைன்னுதான் போடுறாங்க மேடம்,
நீங்களும் போடுங்க."
மதுரைக்குச் சென்னை. சென்னைக்கு மும்பை.
மும்பையில் ஒருவர் இந்தியில் சிரித்தார்.
பிறகு வாட்ஸப்பில் ஒரு சான்றிதழ் வந்தது,
முத்திரை நேராக, தேதி கோணலாக.
உலையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தை
மறைத்துக்கொண்டு
படமெடுத்தவரின் கட்டைவிரல்.

"எளவு, அது எங்கயோ ஆப்பிரிக்காவுல மக்கா"
என்றார் ஞானதாஸ் சார்.
"நமக்கு வெள்ளிக்கெழமை லோடு போணும்."
லோடு போகாவிட்டால்
அசெம்பிளியில் இருபத்திரண்டு பெண்கள்
சனிக்கிழமை வரவேண்டாம்.
சனிக்கிழமைச் சம்பளம் மெர்லினுக்குச் சீட்டுப்பணம்.
இதுவும் எனக்குத் தெரியும்.
இதற்குப் படிவத்தில் வரிசை இல்லை.

ஐந்தே காலுக்கு மணவாளக்குறிச்சி பஸ்.
வெள்ளிச்சந்தையில்தான் உட்கார இடம் கிடைத்தது.

ஆன்றோ மணல் லாரியில் கிளீனர்.
அவன் பேண்டை வாளியில் முக்கினால்
தண்ணீர் கலங்காது, கறுக்கும்.
அடியில் ஒரு பிடி தங்கும்.
கறுப்புதான், ஓரத்தில் மட்டும் சிவப்பு.
சாய்த்தால் சாளைச் செதில்போல மினுங்கும்.
பெயிண்டுக்குப் போகுது என்பான் ஒருநாள்,
வெல்டிங் ராடுக்கு என்பான் மறுநாள்.
எந்த ஊருக்குடா என்றால்,
"கொச்சி வரைக்கும் தெரியும்."

கல்யாணமாகி ஆறு வருடம்,
இந்த வாளியை ஆறு வருடமாய்க் கவிழ்க்கிறேன்,
நேற்றுத்தான் கை நின்றது.

பனி பெய்யும் ஊரென்றே வைத்துக்கொள்வோம்.
அங்கே ஒருத்தி.
மேசை, படிவம்.
இந்தச் சுவரின் வெள்ளை எந்தக் கரையின் கறுப்பு?
அவள் போன் போடுகிறாள்.
ஒருவர் இன்னொருவரைச் சொல்கிறார்,
இன்னொருவர் கொச்சியைச் சொல்கிறார்,
கொச்சியில் யாரோ சிரிக்கிறார்கள்.
எங்கள் ஊரின் பெயர்
எழுத்துப்பிழையோடாவது அவள் திரையில் வருமா,
அங்கேயும் ஒரு கட்டைவிரலா?

வந்தால், போன் அடித்தால்,
எடுப்பது யார்?
ஆன்றோவின் ரீசார்ஜ் முடிந்து மூன்று நாள்.
எடுத்தாலும் என்ன சொல்வான்.
துப்பாக்கி இல்லை மேடம்.
போன ஆனியில் கடல் பன்னிரண்டு அடி உள்ளே வந்தது,
அதற்கு வரிசை உண்டா?
மண்ணுக்குள் இருக்கும் சூட்டைப் பற்றி
ஊரில் இரண்டு பேச்சு.
இரண்டையும் எழுத உங்கள் கட்டம் போதுமா?

வியாழன் காலை.
பதினேழாம் வரிசையில்
'தெரியாது' என்பதை அழுத்தினேன்.
கட்டம் சிவந்தது.
காரணம் குறிப்பிடவும் என்றது.
குறிப்பிட்டேன்.
டீலரின் பெயர், மும்பை எண், அழைத்த நேரங்கள்.
கட்டைவிரலையும் இணைத்தேன்.

ஞானதாஸ் சார் பின்னால் நின்று படித்தார்.
"அனுப்பாத."
டீ வந்தது. டீயில் ஆடை படிந்தது.
அவர் நகரவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு,
"மும்பைக்காரன் பேருல
ஒரு எழுத்து விட்டுப்போச்சு, பாரு" என்றார்.

சேர்த்தேன்.

லோடு இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது.
மெர்லின் இரண்டு முறை
வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.