இருபத்தாறு சென்டிமீட்டர்

லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தை.
பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு இரண்டு குவிவில்லைகள்.
ஒன்றுக்கு விளிம்பு உடைந்திருந்தது.
"வில்லைதான் உடையும், பிம்பம் உடையாது"
என்றார் கடைக்கார பஹாரோம்.
உடையவில்லை. கொஞ்சம் மங்கியது.

குளுகோர், பதினான்காம் மாடி.
விளக்கை அணைத்தேன்.
முதல் வில்லைக்குப் பின்னால், இருபதில்,
மெழுகுத்தாளில் விழுந்தது பினாங்குப் பாலம்:
தலைகீழாக,
தூண்கள் ஓர் அரிசி உயரம்.

தாளை எடுத்தேன்.
பாலம் அங்கேயேதான் இருந்தது,
காற்றில், யாருக்கும் காட்டாமல்.

இரண்டாம் வில்லை பாலத்தைப் பார்த்ததே இல்லை.
அந்த அரிசியைத்தான் பாலமென்று வாங்கி
இன்னொருமுறை புரட்டிச்
சுவரில் வைத்தது:
நேராக. ஐந்து மடங்காக.
வில்லைகளுக்கு நடுவே இருபத்தாறு சென்டிமீட்டர்.
ஒன்று குறைத்தால்
பிம்பம் முடிவிலிக்குப் போய்விடும்,
சுவரில் வெறும் சுண்ணாம்பு.

லாரி விளக்குகள் பிறைக்கு ஊர்ந்தன.
அங்கேதான் அருள்செழியன் இருக்கிறான், என் தம்பி.
நான்கு வருடமாய்ப் பேச்சில்லை.
அவன் ஏதோ சொன்னான்,
மீனலோசனி அத்தை அதைக் கவிழ்த்துக் கொண்டுவந்தாள்.
கவிழ்ந்ததோடுதான் நான் சண்டை போட்டேன்.
போன வாரம் அத்தை மகன் மறுபடி புரட்டினான்:
"நீங்க வரலன்னு ரெண்டு நாள் சாப்பிடலயாம், அக்கா."

ஐந்தால் வகுத்தேன்.
ஒரு வேளை.
ஒரு வேளை நிச்சயம் சாப்பிட்டிருக்க மாட்டான்.

வில்லைகளைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
சன்னலில் பாலம், அதன் சொந்த அளவில்.
மணி பதினொன்றரை.
அவன் இந்நேரம் தூங்குகிறவன் இல்லை.